யாருக்கு லாபம் இந்தத் துவேஷம்?

ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடிப் புறப்படுகிறவர் இரண்டு பேச்சுகளைக் கேட்காமல் திரும்ப முடியாது. "சைவக்காரர்களுக்கு மட்டும்" என்பது ஒன்று. "வடக்கத்தி ஆளுங்களுக்கு விடறதில்லை" என்பது மற்றொன்று. முதல் பேச்சு யாரை வாசலில் நிறுத்துவதற்காகச் சொல்லப்படுகிறது என்பது தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். இரண்டாவது பேச்சு அண்மைக்காலத்தது. ஆனால் இரண்டும் பிறந்த வீடு ஒன்றே.

வீட்டுக்காரர்களோடு இது நின்றிருந்தால் தலையங்கம் தீட்ட வேண்டியதில்லை. நம்முடைய டீக்கடைகளிலும், ஏன், நம்முடைய சங்கக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. "இந்த வடக்கனுங்க வந்து எங்க பொழப்பைக் கெடுத்துட்டானுங்க, தோழர்" என்று சென்ற வாரம் ஒரு கொத்தனார் நம்மிடம் குமுறினார். கலவை சுமக்கும் ஆளாக வேலையைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளாகச் சுவர் எழுப்பி வருகிறவர். அவருடைய கோபம் பொய்யல்ல. மாதத்தில் பாதி நாள் அவருக்கு வேலையில்லை. கூலியைக் குறைத்தது யார் என்று கேட்டோம். "மேஸ்திரிதான்" என்றார். அந்த ஆட்களுக்கு என்ன கொடுக்கிறான்? "எங்களைவிட முந்நூறு ரூபாய் கம்மி. பத்து மணி நேரம் வேலை. தகரக் கொட்டகையிலேயே படுக்கை." உண்மை முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். ஆனால் வசவு மட்டும் மேஸ்திரிக்கும் அவனுக்கு மேலே இருக்கும் கம்பெனிக்கும் போய்ச் சேராமல், கொட்டகையில் படுத்திருப்பவன் தலையில் விழுகிறது.

நமது பேட்டைக்கு அடுத்த வேளச்சேரியில் 2012 பிப்ரவரி 23 அதிகாலையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகளைக் கொள்ளையடித்தவர்கள் என்று சொல்லி, ஐந்து பேரை ஒரு வாடகை வீட்டில் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கொள்ளை குற்றம்தான், அதை யாரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நீதிமன்றத்தின் வேலையைத் துப்பாக்கி செய்ததைக் கண்டு நம் தெருக்களில் எத்தனை பேர் கைதட்டினார்கள்! அதன் பிறகு வடநாட்டு வாலிபன் என்றாலே சந்தேகம். வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களை வீட்டுக்காரர்கள் போலீசுக்குத் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பி கட்டவும் மூட்டை தூக்கவும் வந்தவன் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தான்.

மூன்றாண்டு கழித்து, 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை அந்த மாநிலப் போலீசார் சுட்டுக் கொன்றனர். செம்மரக் கடத்தல்காரர்கள் என்றார்கள். திருவண்ணாமலை, சேலம் போன்ற ஜில்லாக்களின் ஏழைக் கூலிகள் அவர்கள். தமிழ்நாடு கொதித்தது. விசாரணையின்றிக் கொல்ல என்ன உரிமை என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வி வேளச்சேரியில் ஏன் எழவில்லை?

2023 மார்ச்சில் நடந்தது இதன் மறுபக்கம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்களை வடக்கே பரப்பினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அதிகாரிகள் குழு ஒன்று இங்கு வந்து பார்த்துச் சென்றது. அனைத்தும் புரளி என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்தது. புரளி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அரசியல் லாபத்துக்காகச் செய்த பொய்ப் பிரசாரம் அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய்யைத் திருப்பூரிலிருந்த தொழிலாளி ஏன் நம்பினான்? அதற்கு முந்திய மாதம்தான், ஓடும் ரயிலில் வடநாட்டுத் தொழிலாளிகளை ஒருவன் வசைபாடி அடிக்கும் வீடியோ வெளிவந்தது. அது பொய்யல்ல. 2022 மே மாதம் கோவையில் பட்டமளிப்பு விழா மேடையில், அன்றைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி, இந்தி படித்தவர்கள் பானிபூரி விற்கிறார்கள் என்று ஏளனம் செய்ததும் பொய்யல்ல. பானிபூரி விற்பது என்ன கேவலமான தொழிலா?

இந்தித் திணிப்பை எதிர்ப்போம். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் டில்லியில் அமர்ந்து மொழியைத் திணிக்கிறவனும், பரங்கிமலையிலிருந்து ஆதம்பாக்கம், வாணுவம்பேட்டை வழியாக மெட்ரோ தூண்களை எழுப்புகிறவனும் ஒருவனா? இந்தத் தொழிலாளிகளில் பலருக்கு இந்தி தாய்மொழியே அல்ல. போஜ்புரி, மைதிலி, சந்தாலி, ஒரியா, வங்காளி பேசுகிறவர்கள் அவர்கள். போஜ்புரியையும் மைதிலியையும் விழுங்க வாய் திறந்திருப்பதும் அதே இந்திதான்.

வந்தேறி என்ற வசவைத் தமிழனைப் போல் வாங்கியவன் உண்டா? 1948இல் இலங்கையில் மலையகத் தோட்டத் தொழிலாளிகளின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களை ஆடுமாடுபோல் பங்கு போட்டார்கள்.

பம்பாயின் பாடம் இன்னும் கூர்மையானது. 1966இல் தோன்றிய சிவசேனைக்கு முதல் எதிரி 'மதராஸி'. காரியாலயங்களில் உத்தியோகம் பார்த்த தென்னாட்டவரின் பெயர்களை 'மார்மிக்' பத்திரிகை பட்டியல் போட்டது. மராட்டியனின் வேலையைத் திருடுகிறான் என்பதே கோஷம். மராட்டித் தொழிலாளிகளில் பலர் நம்பினார்கள். ஓராண்டு கழிந்தது. 1967 டிசம்பரில் பரேலில் கிர்ணி காம்கார் யூனியனின் தள்வி கட்டிட அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5 இரவு அப்பகுதியின் கம்யூனிஸ்டுச் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் குத்திக் கொல்லப்பட்டார். அவர் மதராஸி அல்ல, மராட்டியர். அவருடைய தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனைக்கு முதல் சட்டமன்ற இடம் கிடைத்தது. செங்கொடிச் சங்கம் உடைந்ததால் மராட்டித் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்ததா? மில் முதலாளிகளைக் கேட்டால் தெரியும்.

1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒன்று இருந்தது. உள்ளூர்த் தொழிலாளி செய்யும் அதே வேலைக்கு அதே கூலி தர வேண்டும் என்றது. மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடு என்றது. ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும். எந்தக் காண்டிராக்டர் இதை ஒழுங்காக மதித்தான்? மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, இடிபாட்டிலிருந்து எடுத்த உடல்களில் ஆந்திரர்கள், ஒரியர்கள், தமிழர்கள் எல்லோரும் இருந்தார்கள். இப்போது அந்தச் சட்டத்தையும் 2020 தொகுப்புச் சட்டத்தில் கரைத்து, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிவிட்டது மோடி சர்க்கார். ஐந்து என்பது பத்தாயிற்று. இடப்பெயர்ச்சிப் படி மறைந்தது. 'வடக்கன்' என்று கூவுகிற வீரர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா?

நமது சங்கங்களும் குறையற்றவை என்று சொல்ல மாட்டோம். கட்டிடத் தொழிலாளர் சங்கங்களில் வடநாட்டுத் தொழிலாளிகளைச் சேர்க்க நாம் எடுத்த முயற்சி போதாது. உறுப்பினர் சீட்டும் துண்டுப்பிரசுரமும் இன்னும் தமிழில் மட்டுமே கிடக்கின்றன. இந்தியிலும் ஒரியாவிலும் வங்காளியிலும் அவை உடனே அச்சாக வேண்டும். ஒவ்வொரு வேலைத்தலத்திலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கோரிக்கையை உள்ளூர்த் தொழிலாளிகளே முன்வைக்க வேண்டும். கூலிக் குறைப்பை நிறுத்த வேறு வழி கிடையாது. வெளிமாநிலத் தொழிலாளிகள் அனைவரையும் பதிவு செய்து நல வாரியத்தில் சேர்க்க மாநில சர்க்கார் முன்வர வேண்டும்.

அந்தக் கொத்தனார், தன்னோடு வேலை செய்யும் இரண்டு ஒரியாத் தொழிலாளிகளை வரும் ஞாயிறு கிளைக் கூட்டத்துக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். "அவங்க பேசறது எனக்குப் பாதிதான் புரியும் தோழர்" என்றார். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.