எல்லாம் நம்மதுதானாம்!

பாங்காக் போயிட்டு வந்து ஒரு மாசமாச்சு, படம் எங்கேன்னு கேக்கறீங்க. படம் அப்புறம் போடறேன். முதல்ல ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டிடறேன், கேட்டுக்கோங்க.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர், எல்லாரும் தமிழ். முதல்ல வாட் பிரா கேவ், அதாங்க மரகத புத்தர் கோயில். சுத்தியிருக்கிற பிராகாரச் சுவர் முழுக்க ராமகியன் ஓவியங்கள், மொத்தம் 178. பார்த்ததுமே ஒருத்தர் ஆரம்பிச்சார், "பாத்தீங்களா சார், எல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதான்!" அன்னிக்குப் பூரா அதே பாட்டு.

1767-ல் பர்மியப் படை அயுத்தயாவை எரிச்சப்போ ஏகப்பட்ட ஏடுகள் அதோட போச்சு. 1782-ல் பாங்காக்கைத் தலைநகராக்கின முதலாம் ராமா, அழிஞ்சு போன கதையை மறுபடி எழுத வச்சார். சாம்பல்லேர்ந்து திரும்பி எடுத்த கதைங்க அது. அதுல அனுமார் பிரம்மச்சாரி கிடையாது. ராவணன் மகளான ஒரு மச்சகன்னியைக் காதலிச்சு பிள்ளையே பெத்துக்கறார். நம்மாளு இதைக் கேட்டுட்டு, "தப்பா எழுதி வச்சிருக்கான்"னார். ஏன் சார், கம்பர் மாத்தினா காவியம், தாய்லாந்துக்காரன் மாத்தினா தப்பா?

அடுத்தது வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற புத்தர். "அட, நம்ம ரங்கநாதர்!" முடிஞ்சது கதை. பரிநிர்வாணம்னா என்னன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணலை. மூணாம் ராமா காலத்துல, 1830-கள்ல, மருத்துவம், மசாஜ், கவிதைன்னு அத்தனையும் கல்லுல வெட்டி அந்தக் கோயில்ல யார் வேணாலும் படிக்கற மாதிரி பதிச்சு வச்சிருக்காங்க. 2011-ல் யுனெஸ்கோவே உலக நினைவுப் பட்டியல்ல சேர்த்தது. எங்காளுங்க அதைத் தாண்டி மசாஜுக்கு வரிசையில நின்னாங்க.

சாயந்திரம் வாட் சுதத். அதுக்கு எதிர்ல ராட்சச ஊஞ்சல் கம்பம். "திருவெம்பாவை, திருப்பாவை!"ன்னு ஒரே ஆரவாரம். பொய்யில்லை. அரண்மனைப் பிராமணர்கள் நடத்தற சடங்கோட பேரே த்ரியம்பவாய் த்ரிபவாய்தான். ஊஞ்சலாட்டம் மட்டும் 1935-ஓட நின்னு போச்சு. எனக்கும் புல்லரிச்சது, மறைக்கலை. ஆனா புல்லரிக்கிறது வேற, பட்டா போடறது வேற இல்லையா?

சரி, நம்மதுன்னே வச்சுக்குவோம். நம்மகிட்ட இருந்ததை நாம என்ன பண்ணினோம்? மணிமேகலை எழுதின மொழி இது. நாகப்பட்டினத்துல மிச்சம் நின்ன பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடிச்சாச்சு. அது வெள்ளைக்காரன் காலம்னு தப்பிச்சுக்கலாம். சேலம் தலைவெட்டி முனியப்பன்? அது புத்தர் சிலைன்னு சொல்ல 2022-ல் உயர் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

திரும்பற பஸ்ல அவர்கிட்டயே கேட்டேன், "நீங்க சேலம்தானே சார், அந்த புத்தரைப் பார்த்திருக்கீங்களா?"

"புத்தரா? அது முனியப்பன் சாமிங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

பி.கு: வாட் பிரா கேவுக்கு அரை டிராயரோட போகாதீங்க, வாசல்லயே நிறுத்திடுவாங்க.