பழைய ஆட்டமா, புதிய ஆட்டமா?

சம்பள நாள் நெருங்கினால் வீட்டில் பட்டியல் நீளும். அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என்று போகிற அந்தப் பட்டியலில் இந்த மாதம் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஒன்பதாவது படிக்கும் என் மகன், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் புதிய பதிப்பு வேண்டும் என்றான். பழைய பதிப்பு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. "எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்கப்பா" என்பது அவன் வாதம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர் வீட்டிலும், மைசூரில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கிறது. ஆகவே இதைப் பொதுவில் வைத்துப் பேசுவது தவறாகாது.

அது என்ன ஆட்டம்?

விளையாட்டின் பெயர் ஃபார்மிங் சிமுலேட்டர். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜயன்ட்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2008 முதல் இதை வெளியிட்டு வருகிறது. இதில் துப்பாக்கி இல்லை; சண்டை இல்லை. நிலம் வாங்கி, உழுது, விதைத்து, அறுத்து, விற்க வேண்டும். கடன் வாங்கினால் கட்ட வேண்டும். மகனிடம் இருப்பது 2021 நவம்பரில் வந்த 22 என்ற பதிப்பு. அவன் கேட்பது 2024 நவம்பரில் வந்த 25 என்ற பதிப்பு.

எங்கள் பூர்வீகம் கௌதள்ளி. கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். கொள்ளேகாலம் தாலுகா 1956 அக்டோபர் வரை சென்னை ராஜ்யத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம் ஆயிற்று. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடம் என்று நாங்களும் அப்படியே இருக்கிறோம்.

என் தகப்பனார் அங்கே இன்னும் ராகியும் மக்காச்சோளமும் போடுகிறார். பெங்களூரில் பிறந்த என் மகன் மண்வெட்டி பிடித்தவன் அல்ல. ஆனால் போன விடுமுறையில், நிலத்துக்கு எப்போது சுண்ணாம்பு இட வேண்டும் என்று தாத்தாவிடம் பேசினான். உழுதபின் மேலே வரும் கற்களை அகற்றும் வேலை 22-ம் பதிப்பில் இருக்கிறது. அதை அவன் விளக்கியபோது கிழவர் சிரித்து விட்டார். "இதென்ன கண்ணு, எங்க காட்டுல வருசா வருசம் பொறுக்கறதுதானே!" என்றார். இருவரும் அரை மணி நேரம் பேசி நான் பார்த்தது அன்றுதான். ஆகவே இந்த விளையாட்டை வீண் என்று தள்ள எனக்கு மனமில்லை.

புதியதில் என்ன இருக்கிறது?

புதிய பதிப்பின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதில் நெல் இருக்கிறது. நாற்று நடும் இயந்திரமும் இருக்கிறது. எருமையும் வெள்ளாடும் வந்திருக்கின்றன. ஆசிய நாட்டு நிலப்பரப்பு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆலங்கட்டி மழை பெய்யும், சூறாவளி வரும். ஈர மண்ணில் டிராக்டர் போனால் சக்கரத் தடம் பதியும். அமெரிக்காவையும் ஐரோப்பாவையுமே பெரும்பாலும் காட்டி வந்த விளையாட்டில் வயலும் எருமையும் வந்தது நமக்கு மகிழ்ச்சிதான். தஞ்சையிலிருந்தோ மண்டியாவிலிருந்தோ வந்தவர் வீட்டுப் பிள்ளை இதற்காகவே புதியதைக் கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் கௌதள்ளிக்காரனுக்கு? எங்கள் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். எங்களுக்கு வேண்டிய சோளமும் மக்காச்சோளமும் பழைய பதிப்பிலேயே இருக்கின்றன. பருத்தி, கரும்பு, சூரியகாந்தியும் உண்டு. ராகியும் மஞ்சளும் நிறுவனம் தரும் பயிர்களில் இரண்டு பதிப்பிலும் இல்லை. அப்படியானால் எங்கள் நிலத்துக்குப் புதியதால் கூடிய லாபம் என்ன?

இன்னொரு செலவும் இருக்கிறது. பழைய பதிப்பு பத்தாண்டுக்கு முந்திய கம்ப்யூட்டரிலும் ஓடும். புதியதற்கு அதைவிட வலுவான பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். விளையாட்டின் விலையை மட்டும் பார்த்து வாங்கி, பிறகு இயந்திரத்துக்குத் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஊரார் அனுபவம்

அவசரப்பட்டு மாறியவர்களின் கதை ஒன்று உண்டு. நகரம் கட்டும் விளையாட்டான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2015 மார்ச்சில் வந்து பெரும் பெயர் பெற்றது. அதன் இரண்டாம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களில்கூட அது தடுமாறியது. தாங்கள் எண்ணிய வேகத்தை எட்டவில்லை என்று தயாரித்தவர்களே வெளியீட்டுக்கு முன் ஒப்புக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் விற்ற ஓர் இணைப்புக்கு எழுந்த கண்டனத்தால், அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தது. வாங்கியவர்களில் பலர் முதல் பதிப்புக்கே திரும்பினார்கள். புதியது பிறகு மெல்ல மெல்லச் சீர்ப்பட்டது உண்மைதான். பொறுத்து வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நம்மிடம் உள்ள இயந்திரம் இதைத் தாங்குமா? பழையதில் இதுவரை செய்தது வீணாகாதா? யாரோடு சேர்ந்து விளையாடப் போகிறோம்?

இரண்டாவது கேள்விக்கே மகன் தயங்கினான். 22-ல் அவன் வளர்த்த பண்ணையை 25-ல் தொடர முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் முடிவு கட்டியது. கௌதள்ளியில் என் தங்கை மகன் இருக்கிறான். அவனிடம் இருப்பது இரண்டாம் கை கம்ப்யூட்டர். அதில் பழைய பதிப்புதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் இங்கிருந்தும் அவன் அங்கிருந்தும் ஒரே பண்ணையில் உழுகிறார்கள். இருவரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் சேர்ந்து ஆட முடியும். "நீ மாறிவிட்டால் அவன் யாரோடு ஆடுவான்?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. என் தலைமுறையில் வேலைக்காக ஊரை விட்டு வந்தோம். வந்தபின் பேச்சு குறைந்தது. பிறகு கடிதமும் நின்றது. பிள்ளைகளுக்குள் தானாக அமைந்த ஓர் உறவை, எருமைக்கும் நெல்லுக்கும் ஆசைப்பட்டு நாமே அறுக்க வேண்டுமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதியதைச் சொற்பக் காசுக்கு ஏற்றித் தருவதாக எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் சொன்னார். அது திருட்டுப் பதிப்பு. அதில் மற்றவரோடு சேர்ந்து ஆட முடியாது. கூடவே வைரஸ் வந்தால் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் போய்விடும். பழையதே ஆனாலும் முறையாக வாங்குங்கள். தள்ளுபடி நாட்களில் பழைய பதிப்பின் விலை நன்றாகவே இறங்குகிறது.

மகன் சம்மதித்தான். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். தங்கை மகனுக்கும் நல்ல இயந்திரம் கிடைக்கிற நாளில் இருவருக்கும் சேர்த்தே புதியதை வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மிச்சமான பணத்தில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். ராகி அறுவடை முடிந்திருக்கும். ஆனால் பொறுக்குவதற்குக் கற்கள் பாக்கி இருக்கும் என்று தகப்பனார் சொல்லியிருக்கிறார்.