துவக்குத் திருத்த ஆள் இருக்கா?

"ட்ரக்டர் திருத்த நல்ல ஆள் ஆர்?" என்று திருகோணமலை மாவட்டத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கேட்கலாம். நாலு பேர் நாலு பெயர் சொல்லுவார்கள். "துவக்கின்ர விசை இறுகிக் கிடக்கு, திருத்த ஆள் இருக்கா?" என்று கேட்டால் கடை அமைதியாகிவிடும். கேட்டவர் தமிழர் என்றால் அமைதி இன்னும் கொஞ்சம் நீளும்.

ஆனால் இது நியாயமான கேள்வி. இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் வயல் செய்யிற சனத்துக்கு யானையும் பன்றியும் ஒவ்வொரு போகத்துக் கவலை. பயிர்க்காவலுக்கு அனுமதியோடு துவக்குக் கொடுப்பது இந்த நாட்டின் பழைய நடைமுறை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி வைத்திருக்கவும் அனுமதி வேண்டும், செய்யவும் திருத்தவும் அனுமதி வேண்டும். சட்டத்தில் பிழையில்லை. அனுமதியோடு திருத்துகிற ஆளை உருவாக்க ஆர் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

விசை வேலை சின்ன வேலை இல்லை. விசையை இழுத்தால் குதிரை விழும், தோட்டா வெடிக்கும். அந்தக் குதிரையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன விளிம்பு. றிவோல்வரில் இன்னும் நுட்பம்: அதே விசைதான் குதிரையைத் தூக்க வேண்டும், தோட்டா உருளையையும் சுழற்ற வேண்டும். அரம் ஒரு இழுப்புக் கூடினால் துவக்கு கீழே விழுந்தாலே வெடிக்கும். அதனால்தான் லண்டனில் 1637இலேயே துவக்கு செய்வோருக்கென்று ஒரு சங்கத்துக்கு அரச பட்டயம் கொடுத்து, குழல்களைச் சோதித்து முத்திரை குத்த வைத்தார்கள்.

எங்கட தீவிலும் அந்தக் கை இருந்தது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த துவக்கை இங்குள்ளவர்கள் கெதியாகச் செய்யப் பழகினார்கள். போர்த்துக்கேயரே அதைப் பார்த்து வியந்து எழுதினார்கள். ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் கொள்ளையடித்த பீரங்கி நெதர்லாந்திலிருந்து 2023இல் திரும்பி வந்தது. கூடவே இரண்டு பெரிய துவக்குகளும் வந்தன. கொழும்பு நூதனசாலையில் அவற்றைப் பார்த்து எல்லாரும் பெருமைப்படலாம். அதே கைத்தொழிலை இன்று ஒருவர் பழக நினைத்தால் போவதற்கு ஒரு இடம் இல்லை.

வெளிச்சத்தில் இடமில்லாத திறமை இருட்டுக்குள் போகும். கட்டுத்துவக்கு அப்படி வந்ததுதான். அனுமதியும் சோதனையும் இல்லாமல் கம்மாலையில் செய்து, காட்டுப் பாதையில் கயிறு கட்டி வைப்பார்கள். அதற்குப் பன்றியும் தெரியாது, விறகுக்குப் போன மனிசரும் தெரியாது. 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்குச் சூடு அதில் முக்கியமான ஒரு காரணம்.

"இருக்கிற துவக்கு போதாதா? 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டப் புத்தகத்தைக் குடைந்து றிவோல்வர் கொண்டுபோய்ச் சுட்டார்களே" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. துவக்கு கூட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. துவக்கு என்ன செய்யும் என்று இந்தக் கரைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2006இல் மாவிலாற்றோடு தொடங்கிய சண்டையில் இந்தப் பக்கத்துச் சனம் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியது. ஆனால் அந்த றிவோல்வர் ஊரறியத் திருத்துகிறவரிடம் போகாது. ஒளித்துச் செய்கிறவரைத்தான் தேடும். பதிவேடு வைத்திருக்கிற திருத்துநரை அல்ல, பதிவேடே இல்லாத பட்டறையைத்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மாவட்டத்துக்கு ஒருவராவது சோதனை எழுதி அனுமதி பெற்ற திருத்துநராக இருக்கட்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசல் பழகுகிற பிள்ளைகளில் விரும்புகிறவர் அவரிடம் பழகட்டும். வருகிற ஒவ்வொரு துவக்கும் இலக்கத்தோடு பதிவாகட்டும், பொலிஸ் அதைப் பார்க்கட்டும். கட்டுத்துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவருக்குத் தண்டனைக்குப் பதில் நல்ல யானை வேலி கிடைக்கட்டும்.

அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிற ஒரு விவசாயி, அவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, பழுதான துவக்கைத் திருத்த ஆள் தேடுவதைக் குரல் தாழ்த்தாமல் கேட்க முடிய வேண்டும். 2009இல் சண்டை முடிந்தது என்று சொல்லுகிறோம். இந்தக் கேள்விக்கு இன்னும் கடை அமைதியாகிறது என்றால், முடியாதது ஏதோ இருக்கிறது.