மல்லனின் பெயர் என்ன?

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தினான். அந்த மற்போரைச் சாத்தந்தையார் பாடினார். புறநானூறு அதைக் காத்துத் தந்தது. வென்றவனை நாம் அறிவோம். பாடியவரை அறிவோம். போர் நடந்த ஊரையும் அறிவோம். வீழ்ந்த மல்லனின் பெயர் என்ன? தமிழில் முதல் வகுப்பில் தேறிய தோழரைக் கேட்டாலும் விடை வராது. பாட்டில் அவன் பெயர் இல்லை. பின்னாளில் பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்று பட்டம் சூடிக் கொண்டான். கடற்கரைப் பட்டினம் ஒன்றும் அப்பட்டத்தால் பெயர் பெற்றது. மல்லன் என்ற சொல்லுக்கு நாம் தந்த மதிப்பு பெரிதுதான். மல்லுக்கு நின்ற மனிதனுக்கு நாம் தந்தது என்ன?

பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். கதை பழையதாயினும் வழக்கம் இன்றும் மாறவில்லை என்பதே என் கருத்து.

கிரேக்க நாட்டைப் பாருங்கள். கையும் காலும் கொண்டு பொருதும் ‘பங்கிராத்தியம்’ என்னும் போட்டியைக் கி.மு. 648லேயே ஒலிம்பிக் விழாவில் சேர்த்த நாடு அது. அந்நாட்டின் தலைநகரான ஏதென்ஸில் 1980இல் பிறந்தவர் மைக் ஜாம்பிடிஸ். ஐந்தரை அடி உயரம்தான். ஆயினும் ‘இரும்பு மைக்’ என்பது அவருக்கு ரசிகர்கள் வழங்கிய பெயர். ஜப்பானியர் 1993இல் தொடங்கிய ‘கே-ஒன்’ என்னும் கிக் பாக்ஸிங் போட்டியில், எழுபது கிலோ எடைப் பிரிவில், தம்மைவிட உயர்ந்தவர்களோடு ஆண்டுக்கணக்கில் மோதினார். 2015இல் ஏதென்ஸ் மக்கள் முன்னிலையில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் மாக்ஸனை வென்று, அத்தோடு மேடையை விட்டு இறங்கினார். அப்போது அவருக்கு 35 வயதுகூட நிரம்பவில்லை!

அந்த வயதை எண்ணிப் பாருங்கள். ஒரு வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் வரத் தொடங்கும் வயது அது. ஒரு பேராசிரியருக்கு முதல் நூல் வெளிவரும் வயது. குத்துச் சண்டைக்காரனுக்கோ அதுவே தொழில் முடியும் வயது. ஜாம்பிடிஸுக்குப் புகழ் இருந்தது. அவர் பெயரால் பயிற்சிக் கூடம் அமைந்தது. அவரிடம் அடி வாங்கியவர்களுக்கும், அவர் அளவுக்கு உயர முடியாதவர்களுக்கும் என்ன அமைந்தது? மேடையில் நிற்பவர் இருவர்; மாலை விழுவது ஒரு கழுத்தில்தான்.

ஏதென்ஸ் தொலைவில் இருக்கிறது. நாம் வாழும் புனேக்கே வருவோம்.

முரளிகாந்த் பெட்கர் என்ற பெயரை வாகட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தோழர்களில் எத்தனை பேர் 2024க்கு முன் கேட்டிருந்தோம்? அந்த ஆண்டில் ‘சந்து சாம்பியன்’ என்னும் இந்திப் படம் வந்தது. அதன் பின்னரே பலர் கேட்டோம். சாங்லி மாவட்டத்தில் பிறந்து, இளமையிலேயே ராணுவத்தில் சேர்ந்து, குத்துச் சண்டையில் தேர்ந்தவர் அவர். 1965 போரில் அவர் உடலில் குண்டுகள் பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. கால் இல்லாமல் குத்துச் சண்டை ஏது? அடியின் வலிமை தோளில் பிறப்பதன்று. ஊன்றிய காலில் பிறப்பது. ஆக, அவருடைய தொழில் ஒரே நாளில் முடிந்தது.

முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. சிகிச்சைக்காக நீரில் இறங்கியவர் நீச்சல் வீரராகக் கரையேறினார். 1968இல் டெல் அவீவில் நடந்த உடல் ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடியில் முடித்து, உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். அபினவ் பிந்திரா 2008இல் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது, நியாயம்தான். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தங்கப் பதக்கம் இந்த நாட்டில் இருந்தது!

நாடு அவரை எப்போது நினைத்தது? பத்மஸ்ரீ வந்தது 2018இல். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025 ஜனவரியில் அவர் கைக்குக் கிடைத்தது. வென்று அரை நூற்றாண்டு கழிந்த பிறகு! இடைப்பட்ட காலத்தில் அவரை வாழ வைத்தது விருதன்று. கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட் தக்க நேரத்தில் கைகொடுத்தார். புனேயில் டெல்கோ தொழிற்சாலை வேலை கொடுத்தது. ஒரு நல்ல மனிதரின் உதவி, மாதந்தோறும் ஒரு சம்பளம் – இவ்விரண்டுமே ஒரு வீரனைக் காத்தன. நான் இங்கே வற்புறுத்த விரும்புவதும் இதுவே.

இவ்விரண்டும் உரிய காலத்தில் வாய்க்காதவர் நிலையைப் பஞ்சாபில் காணலாம். ராணுவ வீரர் கௌர் சிங் 1980இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிப் போட்டியில் நின்றவர். 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் உடனே வந்தன. ஆனால் 2017இல், இதய சிகிச்சைக்காகக் கடன் வாங்கிக் கலங்கி நிற்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பின்னரே உதவிகள் வந்தன. 2023இல் அவர் மறைந்தார். ஒருவருக்கு விருது தாமதித்தது, வாழ்வு நிலைத்தது. மற்றவருக்கு விருது விரைந்தது, வாழ்வு தள்ளாடியது. எது முதலில் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் சென்னையும் இதற்கு விலக்கன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச் சண்டை பயின்ற வடசென்னையை 2021இல் வந்த திரைப்படம் நமக்கு நினைவூட்டிற்று. அந்த மேடைகளில் ஏறியவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். பகலில் மூட்டை, மாலையில் கையுறை என்று வாழ்ந்த அவர்களில் எத்தனை பேர் பெயர் ஏட்டில் ஏறியது? சென்னை தந்த தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர் பெயரையாவது நம் மாணவர் அறிவாரா?

“விரும்பித்தானே ஏறினான்? பணமும் வாங்கினான். அவனுக்கு நாம் என்ன கடன்பட்டோம்?” என்பார் சிலர். சுரங்கத்தில் இறங்குபவனும் விரும்பித்தான் இறங்குகிறான்; கூலியும் வாங்குகிறான். அதற்காக அவனுக்கு இழப்பீடு வேண்டாம் என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. தலையில் தொடர்ந்து விழும் குத்து மூளையைக் கெடுக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928லேயே எழுதினார். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியைக் காணத் திரண்ட கூட்டம் அவர் கையின் வேகத்தை வியந்தது. நான்கே ஆண்டுகளில், 1984இல், அதே கைக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர்கள் கூறினர். அடிதான் நோய்க்கு முழுக் காரணமா என்று மருத்துவர்கள் வாதிக்கலாம். கைதட்டியவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று வாதிக்க முடியுமா?

“அப்படியானால் இந்த விளையாட்டையே தடை செய்தால் என்ன?” என்பார் வேறு சிலர். தடை செய்தால் சண்டை ஒழியாது. மருத்துவர் இல்லாத மறைவிடத்துக்குப் போகும். அன்றியும், ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தன் உடலை நம்பி உயர ஒரு வழி இருக்கிறது என்றால், அவ்வழியை அடைப்பது அறமாகாது. வழியில் உள்ள குழிகளைத் தூர்ப்பதே அறம்.

எனவே நான் கேட்பவை மூன்று. பணத்துக்காக நடக்கும் ஒவ்வொரு போட்டியிலும் எழுத்தில் ஒப்பந்தமும், மூளைப் பரிசோதனையும், காப்பீடும் கட்டாயம் ஆகட்டும். ஓய்வு பெற்ற வீரருக்கு வேறு தொழில் கற்பிக்க மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ‘ரீசெட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது, நல்லது. ஆனால் ஓய்வுக்குப் பின் கற்பிப்பதைவிட, கையுறை கையில் இருக்கும்போதே கற்பிப்பது மேலன்றோ? இது இரண்டாவது.

மூன்றாவது, நம்மால் ஆவது. 1994 தேசிய விளையாட்டு விழாவுக்காக எழுந்த பாலேவாடி விளையாட்டு வளாகம், வாகட்டிலிருந்து முளா நதியைத் தாண்டினால் வந்துவிடும். நாமோ அந்தப் பக்கம் போவது கிரிக்கெட் பேசிக்கொண்டே தேநீர் குடிக்கத்தான்! அங்கும் இந்நகரின் பிற பயிற்சிக் கூடங்களிலும் விடியற்காலையில் வியர்வை சிந்தும் இளைஞர்கள் நம் வயதினர். ஒப்பந்தத் தாளைப் படித்துப் பொருள் அறியும் அளவுக்கு ஆங்கிலம், வரவு செலவுக் கணக்கு, கணினி – இவை நமக்குத் தெரியும். அவர்களில் பலருக்குத் தேவை. வாரத்தில் இரண்டு மாலை வேளைகளை நம் சங்கம் இதற்கு ஒதுக்கலாகாதா? மொழி தடையாகாது, தட்டுத் தடுமாறிப் பேசும் நம் மராத்தியும் அதனால் திருந்தும். பதிலுக்கு அவர்கள் நமக்கு ஒழுங்காக மூச்சு விடவாவது கற்றுத் தருவார்கள்.

தோழர்களே! ஆண்டு விழாவில் வீரத்தைப் பற்றிப் பேச நம்மிடம் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. இவ்வாண்டு அந்த மேடையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுவோம். பதக்கம் பெற்றவரை மட்டுமல்ல, தோற்றுத் திரும்பிய ஒருவரையும் அழைத்து அதில் அமர்த்துவோம். முதலில் அவர் பெயரைக் கேட்போம். அடுத்து, மேடையை விட்டு இறங்கிய பின் என்ன செய்யப் போகிறார் என்று கேட்போம். அந்த இரண்டாம் கேள்விக்கு அவரிடம் விடை இல்லையானால், விடை தேடும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு.