முடிவைச் சொல்லாதே, அப்பத்தா!

ஊரே பார்த்து முடித்த ஒரு மர்மத் தொடரை, ஒருவன் கால் நூற்றாண்டு கழித்துப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்?

தூக்கம் போகும்!

"மர்மதேசம்" என்ற தொடரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் "விடாது கருப்பு" என்ற கதை, 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வாரம் ஒருமுறை வந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. நாகா இயக்கினார். கதை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 10-ந் தேதி மதுரையிலேயே காலமானார்.

தொடர் வந்தபோது தொட்டிலில் கிடந்தவர்களும், அப்போது பிறக்கவே பிறக்காதவர்களும் இன்று அதை யூடியூப்பில் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததும் விட முடியவில்லை. பேரே "விடாது" அல்லவா!

நள்ளிரவுக் குதிரை

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நடுச்சாமம். போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. கல்லூரியில் படிக்கும் பேரன் உள்ளே இருக்கிறான்.

"என்னடா, இன்னும் தூங்கலையா?" என்று அப்பத்தா கேட்கிறாள்.

"சும்மா இரு அப்பத்தா. குதிரை வருது!"

"அட, அந்தக் குதிரையா? அதுல வர்றது யாருன்னா..."

"ஐயோ, சொல்லாதே!"

அப்பத்தாவுக்கு நாக்கு அரிக்கிறது. அன்றைக்கு அவள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்து தெரிந்துகொண்ட ரகசியம் அது. கேபிள் இணைப்பு உள்ள வீட்டில் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்த நாடகம். இதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் விடுவாளா?

ஆனாலும் நியாயம் பேரன் பக்கம்தான்.

"ராமாயணத்தின் முடிவு தெரிந்தும் கேட்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. ராமாயணத்தைக் கதைக்காக மட்டும் யாரும் கேட்பதில்லை. மர்மக் கதை ஒரு முடிச்சு. அதை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கயிறுதான். பேரன் ஒருமுறை தானாக அவிழ்க்கட்டும். அப்புறம் இரண்டாம் முறை இரண்டு பேருமாகப் பார்த்து, "இந்த இடத்திலேயே துப்பு இருந்ததே!" என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு சுகம்.

"இதைக்கூட இன்னும் பார்க்கவில்லையா?" என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. பிந்தி வந்தவனுக்கும் பந்தியில் இலை போடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

கருப்பு என்றால் பயம்

தப்பு செய்தவர்கள் செத்துப் போகிறார்கள். கருப்புசாமிதான் தண்டித்தார் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் தண்டிப்பது யார்? கதை இதுதான். வேறு ஊர்க்காரருக்கு இது கதை. மதுரைக்காரருக்கு அப்படி இல்லை.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதி இருக்கிறது. அங்கே கதவுதான் சாமி. கதவுக்குச் சந்தனம் பூசி வணங்குகிறார்கள். கோர்ட்டில் துணிந்து பொய் சொல்கிறவன்கூட, அந்தக் கதவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யக் கால் நடுங்குவான். அந்தச் சத்தியத்தோடு முடிந்த பங்காளித் தகராறுகள் எத்தனையோ!

இந்தப் பயத்தோடு வளர்ந்தவர்களுக்காக எழுதிய கதை அது. சாமியின் பெயரைச் சொல்லி மனிதன் என்னவெல்லாம் செய்யலாம் என்ற கேள்வியை அது கேட்கிறது. சாமியைக் கேலி செய்யவில்லை. அதனால்தான் நம்புகிறவரும் பார்த்தார், நம்பாதவரும் பார்த்தார். பேரன் இன்றைக்குப் பார்த்தும் அது பழசாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். படம் மங்கல்தான், ஒலியும் சுமார்தான். இருந்தால் என்ன?

ஒரே மூச்சில் விழுங்கலாமா?

பேரனுக்கு ஒரு நஷ்டம் உண்டு. காத்திருக்கும் சுகம் அவனுக்கு இல்லை.

1950-ல் கல்கி, "பொன்னியின் செல்வன்" கதையைத் தம் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். முடிந்தது 1954-ல். வாரா வாரம் ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1840-ல் தொடங்கிய ஒரு தொடர்கதையில் நெல் என்று ஒரு சிறுமி வருவாள். லண்டனிலிருந்து கப்பல் வந்ததும் நியூயார்க் துறைமுகத்தில் கூட்டம் கூடி, "நெல் உயிரோடு இருக்கிறாளா?" என்று கத்தியதாக ஒரு கதை சொல்வார்கள்.

அப்பத்தா காலத்திலும் அப்படித்தான். ஒரு வாரம் முழுக்கக் குழாயடியிலும் பூக்கடையிலும் "கொலை செய்தது அவனா, இவளா?" என்று வாதம் நடந்தது. நாடகத்தில் பாதி டி.வி.யில் என்றால், மீதி பாதி குழாயடியில்!

பேரனுக்கோ ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்குகிறது. யோசிக்க நேரம் இல்லை. வாதம் பண்ண ஆள் இல்லை. ஐந்தாறு பகுதியை ஒரே இரவில் விழுங்கிவிட்டு, காலையில் மாட்டுத்தாவணி பஸ்சில் ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டு தூங்குகிறான். பரீட்சை நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ராத்திரிக்கு இரண்டு பகுதி போதும். அதையும் போர்வைக்குள் பார்க்க வேண்டாம். கூடத்தில் வைத்து எல்லோரும் பார்க்கட்டும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் "யார் அந்த ஆள்?" என்று தங்கையும் அண்ணனும் சண்டை போடட்டும். அப்பாவும் ஓர் ஆளைச் சந்தேகிக்கட்டும்.

அப்பத்தாவும் பக்கத்தில் உட்காரலாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு!