கடைசித் தாளின் அடிவரி

பாரூர் டீக்கடையில் காலை ஆறரைக்கெல்லாம் ஒரே பேப்பர் நாலாகப் பிரிந்து நாலு கைக்குப் போய்விடும். போச்சம்பள்ளி சிப்காட் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பையன்களுக்கு விளையாட்டுப் பக்கம், மாந்தோப்புக்காரர்களுக்கு மண்டி விலை. எனக்கு வாய்ப்பது கடைசித் தாள். அதனால்தான் அதன் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓடும் பொடி எழுத்து வரியைப் படிக்கப் பழகினேன். அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார். இதில் முதல் இரண்டையும் 1867-லேயே சட்டம் கேட்டது. பின்னால் வந்த 1956 விதிகள் இன்னும் ஒருபடி மேலே போயின. ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் 'படிவம் 4' போட வேண்டியிருந்தது. மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்போர் பெயரெல்லாம் அதில் இருந்தன.

"பேப்பர் யாருதா இருந்தா என்னங்க, சேதி சேதிதானே?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

"நெடுங்கல் அணையிலிருந்து நம்ம பெரிய ஏரிக்குத் தண்ணி வருது. மதகு யார் கையில் இருக்குன்னு கேட்காம நாத்து விடுவீங்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

நம் பேப்பர்களிலும் மதகு கைமாறிய கதை உண்டு. 1934 செப்டம்பர் 11, பாரதியின் நினைவு நாளில் தினமணி நாளிதழ் பிறந்தது. முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். தாளுக்குப் பேர் வாங்கித் தந்தது அவர் பேனா. உரிமையோ பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்காவிடம் போய்ச் சேர்ந்தது. இருவருக்கும் ஒத்துவராமல் போன 1943-ல் வெளியேறியவர் ஆசிரியர்தான். அடுத்த ஆண்டு 'தினசரி'யைத் தொடங்கினார். கே.பி. கந்தசாமி 1977-ல் தொடங்கிய தினகரன், 2005-ல் சன் குழுமத்திடம் கைமாறியது. இதிலெல்லாம் வாசகரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தென்கொரியாவில் கேட்டிருக்கிறார்கள். அங்கும் பெரிய நாளிதழ்கள் குடும்பச் சொத்துதான். சோசுன் இல்போ பாங் குடும்பத்துடையது. சுங்ஆங் இல்போவை 1965-ல் தொடங்கியவர் சாம்சங் நிறுவனர். பத்திரிகைச் சுதந்திரம் கேட்டதற்காக 1975-ல் சோசுன் இல்போ, இன்னொரு நாளிதழான தோங்கா இல்போ இரண்டிலிருந்தும் செய்தியாளர்கள் வேலையை இழந்தார்கள். அவர்கள் முன்னின்று 1988 மே 15-ல் 'ஹாங்யோரே' என்ற நாளிதழைக் கொண்டுவந்தார்கள். முதல் போட்டது ஒரு முதலாளி அல்ல, சுமார் 27 ஆயிரம் பொதுமக்கள். படித்தவர்களே பங்குதாரர்கள். பதின்மூன்று வருடம் பொறுத்திருந்து அதைச் சாதித்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அப்படி ஒரு தாள் நமக்கு என்று வருமோ தெரியாது. அதுவரை, நாளைக் காலை பேப்பர் கைக்கு வந்ததும் கடைசித் தாளின் அடிவரியை ஒருமுறை படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.