தமிழ் மணியும் மாவோரி நிலமும்

நியூசிலாந்து என்றதும் நம்மில் பலருக்கு கிரிக்கெட்டுக்கு அடுத்து நினைவுக்கு வருவது அந்த வெண்கல மணிதான். மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வைக்கப் பயன்படுத்திய உடைந்த மணி. அதில் தமிழ் எழுத்துக்கள்! "அந்தக் காலத்திலேயே தமிழன் நியூசிலாந்து போயிருக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த மணியைக் கண்டெடுத்து வெளியுலகுக்குக் கொண்டு வந்தவர் வில்லியம் கொலென்சோ, பாதிரிமார்களின் அச்சகத்தில் வேலை செய்தவர். மணியைப் பற்றிப் பேசும் நாம், 1840 பிப்ரவரி 6 அன்று அவர் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுவதே இல்லை. என்னைக் கேட்டால் மணியை விட அந்தக் கேள்விதான் பெரிது.

அன்று வைட்டாங்கியில் ஆங்கிலேயருக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட ஹோனே ஹெகே மேசையை நெருங்குகிறார். அப்போது கொலென்சோ எழுந்து, இதில் உள்ளது என்னவென்று இந்த மக்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று ஆளுநர் ஹாப்சனிடம் கேட்டார். புரியவில்லை என்றால் அது என் தவறல்ல, என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்கிற மாதிரி பதில் வந்தது. ஹெகே கையெழுத்துப் போட்டார்.

புரியாததற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலப் பிரதியில் தலைவர்கள் விட்டுக் கொடுத்தது முழு இறையாண்மை. மாவோரிப் பிரதியில் இருந்த சொல் 'காவனத்தங்கா', அதாவது ஆளுநரின் நிர்வாகம். தங்கள் நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் முழுத் தலைமை தங்களுக்கே என்றும் அதில் எழுதியிருந்தது. 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரிப் பிரதியில்தான்.

மொழிபெயர்ப்பில் நடந்த சாதாரணத் தவறு என்று சிலர் சொல்லலாம். எனக்கு ஒப்பவில்லை. 1835ல் வந்த சுதந்திரப் பிரகடனத்தில் இறையாண்மைக்கு 'மனா' போன்ற வலுவான சொற்கள் இருந்தன. அதையும் மாவோரியில் எழுதியவர் இதே மொழிபெயர்ப்பாளர் ஹென்றி வில்லியம்ஸ்தான். ஐந்து வருடத்தில் சொல் மறந்தா போகும்? 'மனா'வைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

பிறகு நடந்தது நமக்கும் பழக்கமான கதை. அதே ஹெகே 1844-45ல் பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை நான்கு முறை வெட்டிச் சாய்க்க வைத்தார். 1859ல் வைட்டாரா நிலத்தை ஒருவர் விற்கிறேன் என்றார், தலைவர் விரெமு கிங்கி முடியாது என்றார். 1860ல் அரசு படையை அனுப்பியது. 1863 ஜூலையில் படை வைகாட்டோவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு, 'கிளர்ச்சி' செய்தவர்களின் நிலத்தைப் பறிக்கச் சட்டமும் வந்தது. வைகாட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் போனது. தன் வீட்டில் இருந்தவன் கிளர்ச்சிக்காரன், வாசல் தாண்டி வந்தவன் அரசாங்கம்!

இந்தப் போர்களுக்கு வெகுகாலம் 'மாவோரிப் போர்கள்' என்றே பெயர். சண்டையை ஆரம்பித்தது மாவோரிகள் என்பது போல ஒரு தொனி அதில் இருக்கிறது. மாவோரிகளில் சிலர் அரசுப் பக்கம் நின்று போரிட்டதும் அந்தப் பெயரில் மறைந்து விடுகிறது. இப்போது 'நியூசிலாந்துப் போர்கள்' என்கிறார்கள். அதுதான் சரி என்பது என் கருத்து.

1995ல் வைகாட்டோ மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் எலிசபெத் ராணி கையெழுத்திட்டார். 17 கோடி டாலர் மதிப்பில் இழப்பீடும் உண்டு. எனக்கு அதை விடப் பிடித்தது வேறு. 2015ல் ஒட்டொரொஹாங்கா என்ற சிறிய ஊரின் பள்ளி மாணவர்கள், இந்தப் போர்களை நாடே நினைவுகூர வேண்டும் என்று 10,000க்கும் மேற்பட்ட கையெழுத்துக்களோடு நாடாளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். அதன் பலனாக அக்டோபர் 28 நினைவு நாளானது.

நம் வயதுப் பிள்ளைகள்தான். தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த போரைப் பற்றி நமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த மணியைப் பற்றி யாராவது பெருமை பேசினால், கொலென்சோவின் கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறவனுக்குப் புரிந்ததா என்று கேட்க அன்று ஒருவராவது எழுந்தார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால்...?